கையில் ஒட்டாத சுவர்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அண்ணி முதலில் எங்கள் வீட்டுச் சுவரைத்தான் பார்த்தார். வேப்பம்பட்டில் எங்கள் கூடத்தில் ஜமக்காளம் விரித்து எல்லோரையும் உட்கார வைத்திருந்தோம். நான் காபித் தட்டோடு வந்து நிற்கிறேன். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளையின் அக்காவான அவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் சுவரில் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனி வெள்ளையாக இருந்தது. அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“பொண்ணு நல்லாத்தான் கீது. சொவருதான் கையில ஒட்டுது” என்றார்.

அம்மாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று முந்தின வாரம்தான் ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். அவர்கள் போன பிறகு, “இவ கையில நீ மாட்டுனா உன்னையும் தேச்சித்தான் பாப்பா” என்று சொல்லிக்கொண்டே தட்டுகளைக் கழுவினாள். அப்படிச் சொன்னவளே எனக்குக் கல்யாணம் ஆன மறு வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஆகவே நான் முழுக்க முழுக்க அண்ணியின் கையில்தான் மாட்டினேன்.

கொரட்டூர் ஏரிக்கரை ஓரம் அவர்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட் வேலை. அண்ணி சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். தம்பியை வளர்த்ததும் அவர், வீட்டை ஆண்டதும் அவர். ஆண்டார் என்றால் நாட்டைப் பிடித்த ராஜா மாதிரி இல்லை, நாற்று விட்டவன் வயலைச் சுற்றுகிற மாதிரி. காலையில் எழுந்ததும் ஒரு சுற்று. விரல் சுவரில் போய்க்கொண்டே இருக்கும். எங்கே பூச்சு உப்பியிருக்கிறது, எங்கே கரையான் மண் ஏறியிருக்கிறது, யார் எண்ணெய்த் தலையோடு சாய்ந்து உட்கார்ந்தார்கள், எல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன் சுவர். துக்கத்துக்குப் போனால் கட்டிப் பிடித்து அழுதுகொண்டே ஒரு கை சுவரில். மாதா கோயிலில் பெண்கள் பக்கம் ஓரமாக, சுவரை ஒட்டித்தான் உட்காருவார். சாமியார் பிரசங்கம் வைப்பார், அண்ணியின் விரல் பக்கத்தில் மெல்ல ஊரும். ஒருமுறை பிரசங்கம் முடிந்து வெளியே வந்ததும் சாமியாரிடமே, “சாமி, சுண்ணாம்புல வஜ்ஜிரம் ஊத்தாம ஏமாத்திட்டானுங்க உங்கள” என்று சொல்லிவிட்டார். வஜ்ஜிரம் என்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. அதைச் சுண்ணாம்பில் ஊற்றி அடித்தால் காய்ந்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கையில் ஒட்டாது. ஒட்டாத சுவர்தான் சுவர் என்பது அண்ணியின் வேதம்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் அவர் படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாக நிறங்களைப் பூசி வைப்பார். காலையில் ஒருதரம் பார்ப்பார், உச்சியில் ஒருதரம், விளக்கு வைத்த பிறகு ஒருதரம். அது போதாதென்று எங்களை ஒவ்வொருவராக அந்த நிறத்துக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார வைப்பார்.

“ஊட்டுக்கு வர்றவன் சொவத்தையா பாக்கப் போறான்? உங்க மூஞ்சியத்தான் பாப்பான். மூஞ்சி எடுப்பாத் தெரியணும்” என்பார். என்னை மஞ்சளுக்கு முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு, “வேணாம், காமாலை வந்தவ மாதிரி கீற” என்றார். காவிக்கு முன்னால் வைத்து, “இதுல சண்டைக்காரி மாதிரி கீற” என்றார். என் வீட்டுக்காரர் எந்த நிறத்துக்கு முன்னால் உட்கார்ந்தாலும் திருதிருவென்றுதான் விழிப்பார். அவரைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

விளக்கிலும் அப்படித்தான். சுவரில் மாட்டுகிற விளக்குக்குப் பின்னால் ஒரு ரசம் போகாத கண்ணாடியை ஆணி அடித்து மாட்டியிருந்தார். ஒரு திரி எரிந்தால் இரண்டு எரிகிற மாதிரி இருக்கும். ஏரிக்கரையில் எங்கள் ஜன்னல்தான் முதலில் கண்ணில் படும்.

யுத்தம் வந்து அதில் மண்ணைப் போட்டது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸிலிருந்து ஜனங்கள் வண்டி வண்டியாக எங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள். விளக்கு வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. கண்ணாடியைக் கழற்றி விளக்குக்குக் கறுப்புக் காகிதத்தில் குல்லாய் போட்டோம். ஆவடியில் பொட்டல் காடெல்லாம் மிலிட்டரி கேம்ப் ஆயிற்று. வானத்தில் விமானம் இரைந்தால் போதும், ஏரியில் துணி துவைக்கிற பெண்கள் துணியை அப்படியே போட்டுவிட்டுப் புளிய மரத்தடிக்கு ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன். அண்ணி மட்டும் ஓட மாட்டார். குல்லாய் போட்ட விளக்கின் கீழே நின்று, “இந்த வெளக்குல நம்ம வெள்ளைச் சொவரு சாம்ப மாதிரி கீதே. பொணத்துக்குக் கோடித்துணி போத்துன மாதிரி கீது” என்று கவலைப்படுவார். குண்டைவிட அவருக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

அந்தச் சமயத்தில்தான் நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். மறுபடி என்று சொன்னேன். முதல் தடவை மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதனால் இந்த முறை சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். குனிந்தால் பயம், தும்மினால் பயம், யாராவது ‘நல்லா கீறியா’ என்று கேட்டால்கூடப் பயம். தாயில்லாத பெண், பிரசவமும் இங்கேதான். வீட்டில் என்னைத் தவிர ஒரே பெண்பிள்ளை அண்ணிதான். அவரிடம் எல்லாம் சொல்லலாம், ஒன்றைத் தவிர.

மசக்கையில் சிலருக்கு மாங்காய் கேட்கும், சிலருக்குச் சாம்பல் கேட்கும். எனக்குச் சுவர் கேட்டது. சுண்ணாம்புச் சுவரில் தண்ணீர் பட்டால் ஒரு வாசம் வரும் பாருங்கள், அந்த வாசம் வந்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறிவிடும். நாங்கள் படுக்கிற சின்ன அறையில், கட்டிலுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத இடத்தில், கொண்டை ஊசியால் சுரண்டி நாக்கில் போட்டுக்கொள்வேன். வேறு எந்த வீட்டிலாவது இது பெரிய விஷயம் இல்லை. சுவரை விரலால் படிக்கிறவர் வீட்டில் சுவரையே தின்கிறேன் என்றால்? அண்ணி அறைக்குள் நுழைந்தால் கட்டிலை நகர்த்தச் சொல்லிவிடுவாரோ என்று முந்தானையைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐந்தாம் மாதத்தில், பிள்ளை பெறப்போகிற அறை இப்படிச் சாம்பலாக இருக்கக் கூடாது என்று அண்ணி முடிவு செய்தார். பச்சைதான் வேண்டும் என்றார். குல்லாய் விளக்கிலும் குளிர்ச்சியாக நிற்கிற நிறம் அது ஒன்றுதானாம். ஆனால் யுத்தத்தில் சீமைச் சாயம் வருவது நின்றுபோயிருந்தது. கரையான்சாவடி வரை வண்டி கட்டிப்போய் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, ஒரு பொட்டலம் காவியோடு முகம் தொங்கித் திரும்பினார்.

அடுத்த தெருப் பொன்னுசாமி அப்போது ஆவடி கேம்பில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து எங்கள் வாசல் வழியாகப் போனவனை அண்ணி நிறுத்தினார்.

“டேய் பொன்னுசாமி, துண்டுல பச்சையா இன்னா அது?”

“கொசு மருந்துக்கா. கேம்ப சுத்தி குட்டை குட்டையாத் தூவிகினு கீறோம். கொசு முட்டையெல்லாம் அப்டியே செத்துப் பூடுது.”

அண்ணி அவன் தோளிலிருந்து துண்டையே உருவிக்கொண்டு உள்ளே ஓடினார். விளக்கின் கீழே விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவு நல்ல பச்சையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விளக்குக்குக் குல்லாய் போட்டிருந்தும் அது விரலில் பளிச்சென்று இருந்தது.

“இது ஒரு டப்பா வேணும்டா எனக்கு.”

“கொசு மருந்து இன்னாத்துக்குக்கா?”

“சொவத்துக்கு.”

பொன்னுசாமி முதலில் சிரித்தான். அப்புறம் யோசித்துவிட்டு, “அதுவுஞ்செரிதான். ஊட்டுக்குள்ள ஒரு கொசு அண்டாது” என்றான். ஏரிக்கரையில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? நிறத்துக்கு நிறமும் ஆச்சு, மருந்துக்கு மருந்தும் ஆச்சு என்று நாங்கள் எல்லோரும் பூரித்துப்போனோம். கொசுவைக் கொல்கிறது மனுஷனை என்ன செய்யும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேம்பில் புழுதியோடு கலந்து தூவுவார்களாம். அண்ணிக்காக அவன் கலக்காததாகப் பார்த்து டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆள் வைக்கவில்லை. இவ்வளவு நல்ல நிறத்தை வேறொருத்தன் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, பச்சையைக் கொட்டி, வஜ்ஜிரத்தைக் காய்ச்சி ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினார். குச்சியால் கலக்கக் கூடாதா என்று கேட்டேன். “கை வுட்டாத்தான் கட்டி தெரியும்” என்றார். நடுநடுவே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். அடித்து முடித்த பிறகு வழக்கம்போல முதலில் தான் மட்டும் அந்த அறையில் படுத்தார். புதுப் பூச்சு வாசம் போகும்வரை வேறு யாரையும் படுக்க விடமாட்டார். அது அவர் சட்டம்.

வாசம் போனதும் என்னை உள்ளே விட்டார். வாழையிலைக்குள் போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது அந்த அறை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணி ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்துச் சுவரில் தேய்த்து, “ஒட்டுதா? ஒட்டுதா சொல்லு” என்று கேட்டார். யார் விரலிலும் ஒட்டவில்லை.

அன்று மத்தியானம் படுத்தபோதுதான் கண்டுபிடித்தேன். கட்டிலுக்குப் பின்னால், நான் ஒருக்களித்துப் படுத்தால் கை எட்டுகிற இடத்தில், முறம் அளவுக்குப் பச்சை அடிக்காமல் விட்டுப்போயிருந்தது. வெறும் வெள்ளை. நான் சுரண்டின பள்ளத்தைக்கூட மெழுகி அடைத்து, அதன் மேல் தடியாக வெள்ளை பூசியிருந்தது. விரற்கடை இடம் விடாத அண்ணி இவ்வளவு பெரிய இடத்தை எப்படி விட்டார்? கட்டில் சாய்ந்திருந்திருக்கும், பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெள்ளை முன்னைவிட ருசியாகவும் இருந்தது. கொண்டை ஊசி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

கொஞ்ச நாளில் எங்கள் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை தொங்கிச் செத்தன. அண்ணி தொட்டி கழுவின தண்ணீரை ஊற்றின முருங்கை மரத்தடியில்தான் அவை மேயும். கோழிச்சீக்கு என்றார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒருநாள் காலையில் அறையில் சுவரோரமாக ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது. மறுநாள் இன்னொன்று. “கொசு மட்டுமா, பல்லிகூட அண்டல பாரு” என்று அண்ணி பெருமையாகப் பெருக்கித் தள்ளினார். எனக்கு வாந்தி நிற்கவே இல்லை. வயிற்றைப் பிசைந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் என்றார் என் வீட்டுக்காரர், இவர் என்னவோ நாலு பெற்றவர் மாதிரி. அண்ணியும் சரியாகச் சாப்பிடவில்லை. கையை எப்போதும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, “வஜ்ஜிரம் சுட்டுடுச்சி” என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பூசை முடிந்து வந்து வாசலில் நிற்கிறோம். நற்கருணை வாங்குகிறவர்கள் பூசைக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது, அப்போது அவ்வளவு கண்டிப்பு. நான் விடிந்ததும் சுவரைத் தின்றுவிட்டுத்தான் போயிருந்தேன். சுவர் தின்பது சாப்பாட்டில் சேர்த்தியா இல்லையா என்று பூசை முழுக்க அதையே யோசித்துக்கொண்டு, கடைசியில் போய் நாக்கையும் நீட்டிவிட்டேன். அந்த உறுத்தலோடு வாசற்படி ஏறும்போது பொன்னுசாமி தெருமுனையிலிருந்து ஓடிவந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்.

“யக்கா, அந்த ரூம்புல யாரும் படுக்காதீங்க. யாரும் சொவத்தத் தொடாதீங்க.”

“இன்னாடா ஒளர்ற?”

“கேம்புல அந்த டப்பாவ நக்கிட்டு ஒரு நாய் செத்துப் பூட்ச்சிக்கா. டாக்டரு எங்க எல்லாரையும் நிக்க வெச்சித் திட்றாரு. அது பாஷாணமாம். நகத்துல அள்ளுற அளவு உள்ள போனா ஆளே காலியாம். எனக்கு சத்தியமாத் தெரியாதுக்கா, கொசுவுக்கு மட்டுந்தான்னு நெனச்சிகினு இருந்தேன்.”

என் வீட்டுக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பிள்ளை இருக்கிற இடம் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிட்டது. தினமும் தின்றிருக்கிறேன். வெள்ளையில்தான் தின்றேன், ஆனால் வெள்ளை எங்கே முடிந்தது, பச்சை எங்கே ஆரம்பித்தது? ஓரத்தில் பச்சை வழிந்து காய்ந்திருந்ததே, அதையும் சேர்த்துச் சுரண்டினேனா? சாமியை ஏமாற்றியதற்குத்தான் கையோடு தண்டனை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அண்ணி என் தோளைப் பிடித்து என்னைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“அந்த வெள்ளையில மட்டுந்தான தின்ன?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“சொல்லுடி. பச்சை ஓரத்துல ஊசி பட்டுதா?”

“தெரியலீங்க அண்ணி” என்றேன். அழுகை வந்துவிட்டது. “உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“எந்தச் சொவத்துல இன்னா கொறையுதுன்னு எனக்குத் தெரியாதா? நீ மொத மாசம் சொரண்டும்போதே தெரியும். பச்சை வவுத்துக்கு ஆவுமோ ஆவாதோன்னு, உன் கை எட்ற அளவு பாத்து வுட்டேன். அங்க வஜ்ஜிரம்கூட ஊத்தல, வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. இன்னும் ரெண்டு மொழம் வுட்டிருக்கலாமேடி. அழகு போயிடுமேன்னு பாத்தேனே, பாவி” என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். அப்போதுதான் முந்தானைக்கு வெளியே வந்த அந்தக் கைகளைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி இருந்தது.

அதற்கப்புறம் அவர் ஒரு பேச்சுக்கும் நிற்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய்த் துருவியால் சுவரைச் சுரண்டத் தொடங்கிவிட்டார். வெளியிலிருந்து பொன்னுசாமி, “தண்ணி தெளிச்சிகினு சொரண்டுக்கா, தூசி மூக்குல ஏறும்” என்று கத்தினான். என் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “அக்கா வெளிய வாக்கா, நாங்க சொரண்டறோம்” என்று கெஞ்சினார். “போட்டது நானு” என்று மட்டும் உள்ளிருந்து பதில் வந்தது. அவரே ஒட்டாமல் அடித்த சுவர், லேசில் வருமா? கடைசியில் கதவை உடைத்துத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிச்சத்தை ஆண்கள் நனைத்துச் சுரண்டி, ஏரிக்கு எதிர்ப்பக்கமாக ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

பூந்தமல்லி டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அண்ணியின் கை ஆற நாளாகும் என்றார். அவர் நகங்களில் குறுக்கே வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது, அது பாஷாணம் உடம்பில் இறங்கினதற்கு அடையாளம் என்றார். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பொறக்கட்டும், பாக்கலாம்” என்றார். பிழைக்காது என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அந்த மாதங்களில் விமானம் இரைந்தாலும் நான் ஓடவில்லை, குண்டைவிடப் பெரிய பயம் எனக்குள்ளேயே இருந்தது. பிள்ளை அசைந்தால் துடிக்கிறதோ என்று பயப்படுவேன், அசையாவிட்டால் போய்விட்டதோ என்று பயப்படுவேன். அண்ணி என் பக்கத்தில் வருவதையே விட்டுவிட்டார். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, “அசையுதா?” என்று கேட்பார். ஆமாம் என்றால் போய்விடுவார். சமையல் செய்ய மாட்டார், தண்ணீர் மொண்டு தர மாட்டார். சுவர்ப் பக்கம் விரலைக் கொண்டுபோகவே இல்லை. அந்த வீட்டில் அவர் சும்மா கை கட்டி உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான்.

கூடத்தில் தட்டி கட்டி அங்கேதான் பெற்றேன். பெண். மருத்துவச்சி குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்ட, அது வீறிட்டு அழுதது. எல்லோரும் ஆணா பெண்ணா என்று கேட்க, தட்டிக்கு வெளியே இருந்து அண்ணியின் குரல் மட்டும் வேறு ஒன்று கேட்டது.

“நகத்தைப் பாரு. நகத்துல கோடு கீதா பாரு.”

மருத்துவச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் அந்தச் சின்ன விரல்களைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோடு இல்லை. சுத்தமாக இருந்தது. இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வெளியே அவர் தரையில் உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது.

ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் வேண்டும். அண்ணியைவிட்டால் வேறு யார்? அவர் முடியாது என்றார். இந்தக் கையால் குழந்தையைத் தொட மாட்டேன் என்று அடம் பிடித்தார். கை ஆறிவிட்டது என்று டாக்டரே சொல்லியாயிற்று என்றார் என் வீட்டுக்காரர். “டாக்டரு தோலத்தான் பாத்தாரு” என்றார். நான், அப்படியானால் குழந்தைக்கு வேறு யாரும் ஞானத்தாய் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கும் பிடிவாதம் உண்டு.

புது வேட்டியைக் கிழித்து இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை சுற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அதன் மேல்தான் குழந்தையை வாங்கினார். சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை கத்திக்கொண்டே கையைக் காலை உதறியது. துணி அவிழ்ந்துகொண்டது. குழந்தையின் கையில் எது சிக்கியதோ அதைப் பற்றிக்கொண்டது. அண்ணியின் ஆள்காட்டி விரல், சுவரெல்லாம் கோடு இழுத்த அதே விரல். பிடித்து நேராக வாய்க்குள் இழுத்து வைத்துச் சப்பத் தொடங்கிவிட்டது.

அண்ணி போட்ட கூச்சலில் கோயிலே கிடுகிடுத்தது. “ஐயோ, வாயில வெச்சிடுச்சி! தண்ணி குடுங்க, தண்ணி!” யாரும் கொடுப்பதற்குள் தொட்டியிலிருந்த ஞானஸ்நானத் தண்ணீரையே அள்ளிக் குழந்தையின் வாயைக் கழுவினார். மறுபடி கழுவினார். குழந்தைக்குப் புரை ஏறியது. சாமியார் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு யார் கோயிலில் இப்படிச் செய்திருந்தாலும் ஊர் ஒரு வருஷம் சொல்லிச் சிரித்திருக்கும். அன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் போய் அவர் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன். குழந்தை மறுபடி அந்த விரலைத் தேடியது. நான் தடுக்கவில்லை.

குழந்தை நடந்தது, பேசியது, வீட்டைத் தலைகீழாக்கியது. யுத்தம் முடிந்து விளக்குக் குல்லாய்களைக் கிழித்துப் போட்டோம். கண்ணாடி பழைய ஆணியிலேயே ஏறியது. ஆனால் அண்ணி அதன் பிறகு நிறம் பார்க்கவே இல்லை. யாராவது வந்து என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசனை கேட்டால், “வெள்ளை” என்பார். வேறு நிறம் கேட்டால் உள்ளே எழுந்து போய்விடுவார். எங்கள் வீட்டுக்கும் ஆள் வந்து வெள்ளைதான் அடித்தான். அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, வஜ்ஜிரம் ஊற்றினானா என்று மட்டும் பார்ப்பார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆள் எல்லாவற்றையும் அடித்து முடித்துச் சின்ன அறைக்கு வந்தபோது, “அத வுட்டுடு, நான் பாத்துக்கறேன்” என்று சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை அவர் வாங்கிக்கொண்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் கையில் மட்டையைப் பார்க்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார்.

காய்ந்த பிறகு நான் அறையை ஒழுங்குபடுத்தப் போனேன். அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. நிச்சயமில்லை என்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பழைய பயம் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது, அதை யாரிடம் சொல்வது? என்னவோ தோன்றி, அண்ணி முன்பெல்லாம் செய்கிற மாதிரி, கதவோரத்திலிருந்து சுவரில் விரலை இழுத்துக்கொண்டே நடந்தேன். விரலைப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஜன்னல் பக்கம் ஒட்டவில்லை. கட்டிலுக்குப் பின்னால் குனிந்து, ஒருக்களித்தால் கை எட்டுகிற இடத்தில் இழுத்தேன்.

விரல் நுனி வெள்ளையாக இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணி முருங்கை மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

“ஒட்டுதா?” என்று கேட்டார்.

“ஒட்டுதுங்க அண்ணி.”

“ஒட்டட்டும்” என்றார்.